வலையா, ஒலிப்பதிவா, மரபணுவா: வௌவால் ஆய்வுக்கு எதைக் கையில் எடுப்பது?

சென்ற மாதம் ஒரு முதுகலை மாணவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, எனக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. கையில காசும் கம்மி. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்துல என்னென்ன வௌவால் இருக்குன்னு பார்க்கணும். வலை வாங்கவா, டிடெக்டர் வாங்கவா, இல்ல எல்லாக் காசையும் டிஎன்ஏ பார்க்கக் கட்டிரவா?" என்று கேட்டார். டிடெக்டர் என்பது வௌவாலின் குரலைப் பதிவு செய்யும் கருவி.

அரைமணி நேரம் பேசினோம். பேசி முடித்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த முடிவைச் சரியாக எடுக்காததால் ஓர் ஆண்டு உழைப்பு வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். கருவியை முதலில் வாங்கிவிட்டு, அது தரும் தரவுக்கு ஏற்ற கேள்வியைக் கடைசி மாதத்தில் தேடுகிறார்கள். அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வௌவால் இனங்கள் 1,400க்கும் மேல். பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வௌவால்தான். இந்தியாவில் மட்டும் 130 அளவில் இருக்கின்றன. நம் ஊர்களில் பெரியதைப் பழந்தின்னி என்பார்கள், சிறியதைத் துரிஞ்சில் என்பார்கள், அத்தோடு முடிந்தது. ஆனால் அந்தத் 'துரிஞ்சில்' என்ற ஒரு சொல்லுக்குள் பல பத்து இனங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

'இங்கே என்ன இருக்கிறது' என்று கேட்பதும், 'எத்தனை இருக்கிறது' என்று கேட்பதும், 'இது நாம் நினைக்கும் இனம்தானா' என்று கேட்பதும் வேறு வேறு. ஒன்றுக்குப் பொருந்தும் முறை இன்னொன்றுக்கு உதவாது. மாணவியிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணும்தான்" என்றார். சரி, அப்படியானால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசில்லாமல் தொடங்கும் வழி

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச், ஒரு நல்ல தொலைநோக்கி. பகலில் வௌவால் தங்கும் இடங்களைத் தேடுவதும், அந்தி நேரத்தில் வெளியே வரும்போது எண்ணுவதும்தான் மிகப் பழைய முறை. கோயில் மண்டபங்கள், பாழடைந்த கிணறுகள், பாறை இடுக்குகள், ரயில்பாதைக்கு அடியிலுள்ள மதகுகள், ஆற்றோர மருத மரங்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டாலே பாதி இடங்கள் தெரிந்துவிடும். ஆலமரத்துப் பழந்தின்னிகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே போனால் முப்பது ஆண்டு வரலாற்றைப் பெரியவர்கள் வாய்மொழியாகவே சொல்வார்கள்.

இதை எளிதாக நினைத்து ஒதுக்கக் கூடாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஹனுமனஹள்ளி என்ற கிராமத்துக் குகையில் மட்டுமே வாழும் ஓர் இலைமூக்கு வௌவால் இருக்கிறது. 1994இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இப்போது இருப்பது இருநூறுக்கும் குறைவு. அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கிறது. அந்த இனத்தைப் பொறுத்தவரை இன்றைக்கு முக்கியமான கேள்வி 'எத்தனை மிச்சம்' என்பதுதான். அதற்குக் குகை வாயிலில் உட்கார்ந்து எண்ணுவதைவிடச் சிறந்த முறை கிடையாது. அங்கே வலை கட்டினால் தொந்தரவுதான் மிஞ்சும்.

எண்ணுவதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வௌவால்கள் வெளியே வரும் நேரம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. 1981இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து, சந்திரசேகரன் குழுவினர் ஒரு குகைக்குள்ளேயே சில வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அந்தியும் விடியலும் தெரியாத இருட்டிலும், போய்வரும் மற்ற வௌவால்களின் நேரத்தை ஒட்டியே கூண்டுக்குள் இருந்தவையும் தம் உள்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. கூட்டமே ஒரு கடிகாரம் போல இயங்குகிறது. அதனால் ஒரே இடத்தில் மாதாமாதம் ஒரே முறையில் எண்ணினால், அந்த எண்களை நம்பி ஒப்பிடலாம்.

குறை என்ன? நாம் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் தங்குபவைதான் பட்டியலில் வரும். மரப்பட்டைக்கு அடியில், மூங்கில் தண்டுக்குள், சுருண்ட வாழைக் குருத்துக்குள் தங்குபவை நம் கண்ணில் படுவதே இல்லை. பாளையங்கோட்டையில் ஆய்வாளர்கள் 1990களில் விளக்கியது போல, சிறு பழந்தின்னி ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்திலும் திரைக்கொடியிலும் தண்டுகளைக் கடித்துத் தனக்கொரு கூடாரமே கட்டிக்கொள்கிறது. தெருவோர மரத்தில் தலைக்கு மேலேயே இருக்கும். அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தவர் கண்ணில் மட்டும்தான் படும்.

வலை கட்டுதல்

மிஸ்ட் நெட் என்பது மெல்லிய கறுப்பு நைலான் வலை. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மீட்டர் நீளங்களில் வரும். ஓடைக்கு மேலோ, மரங்களுக்கு நடுவே வண்டிப்பாதைக்குக் குறுக்கேயோ அந்திக்கு முன்னால் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் வௌவால் சிக்கிக்கொண்டு இறக்கை கிழியும், இல்லையென்றால் வலையைக் கடித்து அறுத்துவிடும். முழுநிலவு இரவில் அதிகம் விழாது. ஒரே இடத்தில் இரண்டாம் நாள் கட்டினால் முதல்நாளைவிடக் குறைவாகத்தான் விழும், அவற்றுக்கு நினைவிருக்கும்.

இத்தனை சிரமத்துக்கும் பலனாகக் கிடைப்பது உடல். கையில் ஓர் உயிர் இருக்கிறது. முன்கையின் நீளத்தை அளக்கலாம், பல்லைப் பார்க்கலாம், ஆணா பெண்ணா, குட்டி சுமக்கிறதா, பால் கொடுக்கிறதா எல்லாம் தெரியும். வேறு எந்த முறையும் இதைத் தராது.

மேகமலையின் கதை இதற்கு நல்ல சான்று. 1948இல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது ஊரெங்கும் காணப்படும் சிறு பழந்தின்னிதான் என்று பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா பிற்பாடு அதை எடுத்துப் பார்த்தபோதுதான் பல்லமைப்பு வேறு, வால் இல்லை என்பதைக் கவனித்தார். 1972இல் அதைப் புதிய பேரினமாகவே விவரித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு மேசை இழுப்பறைக்குள் தவறான பெயரோடு கிடந்த உயிர் அது. இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய பாலூட்டிகளில் ஒன்று.

இந்த வௌவாலை எந்த ஒலிப்பதிவுக் கருவியும் காட்டிக் கொடுக்காது. மற்ற வௌவால்கள் மீயொலி, அதாவது நம் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலி, எழுப்பி அதன் எதிரொலியால் வழி அறிகின்றன. பழந்தின்னிகள் பெரும்பாலும் அப்படிப் பறப்பதில்லை, கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. குகைகளில் தங்கும் ரூசெட்டஸ் வகை மட்டும் நாக்கால் சொடுக்கி எதிரொலி கேட்கும். ஆக, மேகமலைக்கு டிடெக்டர் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரின் பட்டியலில் அந்த மலையின் மிக அரிய வௌவாலே இருக்காது. வலையில் விழுந்தால், வால் இருக்கிறதா, காதோரத்தில் வெள்ளை விளிம்பு இருக்கிறதா என்று பார்த்தே முதல் சந்தேகத்தைத் தீர்க்கலாம். ஊர்ச் சிறு பழந்தின்னிக்கு இரண்டும் உண்டு.

வலையின் உயரம் இரண்டரை, மூன்று மீட்டர்தான். மர உச்சிக்கு மேலே இருபது மீட்டர் உயரத்தில் வேட்டையாடும் இனங்கள் வலையில் விழுவதே அபூர்வம். லாட வௌவால், இலைமூக்கு வௌவால் போன்றவை மீயொலியால் வலையின் நூலையே உணர்ந்து ஒதுங்கிவிடும். இவற்றுக்காகத்தான் ஹார்ப் டிராப் என்ற பொறி இருக்கிறது. யாழ் நரம்பு போல நெடுக்காகக் கட்டிய மெல்லிய தூண்டில் நரம்புகள் இரண்டு வரிசை. முதல் வரிசையைத் தாண்டும் வௌவால் இரண்டாவதில் மோதிக் கீழே உள்ள பைக்குள் வழுக்கி விழும், காயமில்லை. காட்டுப் பாதையில் வைத்தால் அருமையாக வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், தூக்கிக்கொண்டு மலையேற ஆள் வேண்டும். மாணவியின் கைக்காசுக்கு இது சரிவராது என்று உடனே சொல்லிவிட்டேன்.

ஒலிப்பதிவு

இப்போது எல்லாருக்கும் ஆசை இதன்மேல்தான். ஆசைப்படுவதில் தவறில்லை. தீப்பெட்டி அளவிலான ஆடியோமாத் போன்ற கருவியை மரத்தில் கட்டிவிட்டு வந்தால், இரவு முழுக்கத் தானாகப் பதிவு செய்யும். வௌவாலைத் தொட வேண்டியதில்லை, தூக்கம் கெட வேண்டியதில்லை, ஒரே இரவில் பத்து இடங்களில் வைக்கலாம். பரவல் எங்கெங்கே என்ற கேள்விக்கு இத்தனை மலிவாக இத்தனை தரவு தரும் முறை வேறில்லை.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு எண்ணைப் பார்க்கச் சொல்வேன், மாதிரி எடுப்பு வீதம். நொடிக்கு எத்தனை முறை ஒலியைக் கருவி குறித்துக்கொள்கிறதோ, அதில் பாதி அளவு அதிர்வெண் வரைக்கும்தான் பதிவாகும். நொடிக்கு 2,56,000 என்றால் 128 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் கோயில்களிலும் குகைகளிலும் நிறைய இருக்கும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் 130 அளவில் குரல் எழுப்புகிறது. அதன் உறவினங்கள் சில 150ஐயும் தாண்டும். ஐரோப்பிய வௌவால்களுக்குத் தாராளமாகப் போதும் கருவி, நம் கோயில் வௌவாலுக்குப் போதாது. 3,84,000 வீதம் உள்ளதை வாங்கினால் 192 வரை கேட்கும், கவலையில்லை. விளம்பரத்தில் 'மீயொலி' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கி, ஆறு மாதம் கழித்து ஓர் இலைமூக்கு வௌவால்கூடப் பதிவாகவில்லையே என்று ஒருவர் கலங்கியதை நேரில் பார்த்தேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அடுத்தது தூரம். அதிர்வெண் கூடக் கூட ஒலி காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். 25, 30 கிலோஹெர்ட்ஸில் சத்தமாகக் கத்திக்கொண்டு உயரே பறக்கும் கல்லறை வௌவாலைப் பல பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே கருவி கேட்கும். 130இல் கத்துவது பக்கத்தில் வந்து போனால்தான் கேட்கும். தவளையும் பல்லியும் பிடித்துத் தின்னும் போலி இரத்தக்காட்டேரி வௌவாலோ முணுமுணுப்பது போலத்தான் குரல் கொடுக்கும், இரை நகரும் சலசலப்பைக் காதால் கேட்டே பிடிக்கும். ஆகவே பதிவில் ஓர் இனம் நிறைய இருப்பதால் அது காட்டில் நிறைய இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. நூறு பதிவு என்பது நூறு வௌவாலாகவும் இருக்கலாம், ஒரே வௌவால் நூறு சுற்று வந்ததாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், குரலுக்குப் பெயர் கொடுப்பது. தானாகவே இனத்தைச் சொல்லும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வௌவால்களை வைத்துப் பழக்கப்பட்டவை. நம்மூர்ப் பதிவைக் கொடுத்தால் இங்கிலாந்து வௌவாலின் பெயரைச் சொல்லும். தெரிந்த வௌவாலைப் பிடித்து, விடும்போது பதிவு செய்த குரல்தான் ஆதாரம். அப்படிப்பட்ட குரல் நூலகம் நம்மிடம் இன்னும் சிறியது. வால்பாறைப் பகுதியில் கிளேர் வேர்ட்லி, திவ்யா முத்தப்பா, மகேஷ் சங்கரன் உள்ளிட்ட குழு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி வௌவால்களின் குரல்களைத் தொகுத்து 2014இல் வெளியிட்டது. அதன் பிறகு அதே நிலப்பரப்பில் வலையையும் ஒலிப்பதிவையும் அருகருகே வைத்தும் ஒப்பிட்டார்கள். காட்டுத் துண்டுகளும் நிழல்மரங்களுக்குக் கீழே வளரும் காப்பித் தோட்டங்களும் காட்டு வௌவால்களைத் தக்க வைக்கின்றன, தேயிலைத் தோட்டம் அப்படியில்லை என்பது அந்த வேலையிலிருந்து தெளிவாகிறது. இதைப் படித்த பிறகு வால்பாறைச் சாலையில் போகும்போதெல்லாம் தேயிலைக்கு நடுவே விட்டுவைக்கப்பட்ட ஒவ்வொரு ஓடையோர மரத்தையும் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

மரபணு

மாணவியின் உண்மையான ஆசை இதில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அது நியாயமான ஆசையும்கூட.

வௌவால் வகைப்பாட்டையே புரட்டிப் போட்டது மரபணு ஆய்வு. பழந்தின்னிகள் ஒரு பக்கம், பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் எல்லாம் மறுபக்கம் என்று நூறு ஆண்டுக்கு மேல் பிரித்து வைத்திருந்தோம். 2000க்குப் பிறகு எம்மா டீலிங் முதலானோர் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டுக் காட்டியது வேறு. லாட வௌவாலும் போலி இரத்தக்காட்டேரியும் மற்றச் சிறு வௌவால்களைவிடப் பழந்தின்னிக்குத்தான் நெருங்கிய உறவு. தோற்றத்தை மட்டும் பார்த்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது.

நமக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செம்பழுப்பு லாட வௌவால் தென்னிந்தியாவில் பரவலாக இருப்பது. அதில் சில கூட்டங்கள் 80 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் சில 90ஐ ஒட்டியும் குரல் எழுப்புவது கவனத்துக்கு வந்தது. உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். வட்டாரப் பேச்சு வழக்கு மாதிரி ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடா, இல்லை இரண்டு இனமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தையும் (என்சிபிஎஸ்) சேர்ந்த பாலாஜி சட்டோபாத்யாய், கிருத்திகா கர்க், உமா ராமகிருஷ்ணன், கந்துலா ஸ்ரீபதி முதலானோர் மரபணுவைப் பார்த்தார்கள். இரண்டும் தனித்தனி வழியில் பிரிந்துபோன இனங்கள் என்று 2010இல் காட்டி, 2012இல் ஒன்றுக்குப் புதிய பெயரும் வைத்தார்கள். இதற்கு முன்னோடி பிரிட்டனில் நடந்தது. அங்கே மிகச் சாதாரணமான பிப்பிஸ்ட்ரெல் வௌவால் 45இலும் 55இலும் இரு குரல்களில் பேசுவது 1993இல் வெளியானது. 1997இல் மரபணுவைப் பார்த்தபோது ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் மட்டும் 11 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு. வீட்டுக் கூரைக்கடியில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த 'ஒரு' வௌவால் இரண்டாக இருந்திருக்கிறது.

இரண்டு கதைகளிலும் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது குரல். எந்தக் குரல் எந்த உடலிலிருந்து வந்தது என்று தெரிந்திருந்ததால்தான் மரபணு பதில் சொல்ல முடிந்தது. மாதிரிக்குழாயில் வெறும் சதைத்துண்டும் ஓர் எண்ணும் மட்டும் இருந்திருந்தால் இரு கிளைகள் இருக்கின்றன என்று தெரிந்திருக்கும், எது எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மாதிரி எடுப்பது கடினமில்லை. இறக்கைச் சவ்வில் மூன்று மில்லிமீட்டர் அளவு வட்டத் துண்டு. சில வாரங்களில் துளை மூடிவிடும். நல்ல எத்தனாலில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வௌவாலைத் தொடாமலே வேண்டுமென்றால் தங்குமிடத்துக்குக் கீழே விழும் புழுக்கையிலிருந்தும் மரபணு எடுக்கலாம், கூடவே அது தின்ற பூச்சி என்ன என்பதையும் பார்க்கலாம். ஆனால் நம் வெயிலிலும் ஈரத்திலும் புழுக்கையிலுள்ள மரபணு சீக்கிரம் சிதைகிறது. கோயில் மண்டபத்தில் நான்கு இனங்கள் கலந்து தொங்கினால் எந்தப் புழுக்கை யாருடையது என்பதும் குழப்பம். புதிதாக விழுந்ததைக் காகிதம் விரித்துச் சேகரித்தால் ஓரளவு சரியாக வரும்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஒப்பிட ஆதாரம். உங்கள் மரபணுத் தொடரைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டால் ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் தாய்லாந்திலோ சீனாவிலோ பிடித்த வௌவாலுக்கு வைத்ததாக இருக்கலாம். அதே பெயரில் இங்கே இருப்பது வேறு இனமாகவும் இருக்கலாம். நீள்விரல் வௌவால்களில் இப்படித்தான் நடந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருந்தவற்றை மற்ற ஆசிய இனத்தின் பெயரிலேயே வெகுகாலம் அழைத்தோம். இலங்கை ஆய்வாளர்கள் முன்னின்று மரபணுவையும் மண்டையோட்டையும் சேர்த்துப் பார்த்து, 2022இல் தனி இனமாகப் பிரித்து, இலங்கைப் பாலூட்டிகளைப் பதிவு செய்த பிலிப்ஸின் பெயரை வைத்தார்கள்.

இன்னொன்று, மைட்டோகாண்ட்ரிய மரபணு தாய்வழி மட்டுமே வருவது. இரு இனங்கள் எப்போதோ கலந்திருந்தால், உடல் ஓர் இனமாகவும் தாய்வழி மரபணு இன்னோர் இனமாகவும் இருக்கும். ஐரோப்பாவின் பெரிய எலிச்செவி வௌவாலும் சிறிய எலிச்செவி வௌவாலும் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. 'பார்கோட்' (இனத்தை அறியப் பார்க்கும் ஒரு சிறு மரபணுத் துண்டு) பார்த்தாயிற்று, முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உட்கரு மரபணுவையும் பார்க்க வேண்டுமென்றால் செலவு பல மடங்கு கூடும். எல்லா வௌவால் இனங்களின் முழு மரபணுத்தொகுதியையும் படிக்கும் பேட்1கே திட்டம் 2017இலிருந்து நடக்கிறது. முதல் ஆறு இனங்களின் தரமான தொகுதிகள் 2020இல் வெளியாயின. அது பெரிய ஆய்வகங்களின் வேலை. ஒரு மாணவியின் ஓராண்டுக்குள் அடங்காது.

அளவை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. சிறு பழந்தின்னி வௌவால் தென்முனையிலிருந்து வடக்கே போகப் போக உடல் பெருத்துக்கொண்டே போவதை ஜே ஸ்டோர்ஸ் முதலானோர் 2001இல் காட்டினார்கள். தெற்கில் ஒன்றையும் வடக்கில் ஒன்றையும் மட்டும் அளந்தவர் இரண்டு இனம் என்று எழுதியிருப்பார்.

அனுமதியும் உடல்நலமும்

ஊசி போடாமல் யாரும் வௌவாலைத் தொடக் கூடாது. வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி, தடித்த கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பழந்தின்னிகளில் அந்த வைரஸ் இருப்பதும் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு ஊர்களில் வௌவால் என்றாலே பயம் கூடியிருக்கிறது. ஆய்வாளர் வலை கட்டிப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, 'இதில் ஏதோ நோய் இருக்கிறது போல' என்று மரத்தையே வெட்டிவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஊருக்குள் வேலை செய்யும்போது தொடாத முறைகளையே முதலில் எடுப்பது இதனால்தான் நல்லது என்று நினைக்கிறேன். வலை கட்ட வேண்டியிருந்தால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலி, காகத்தோடு 'தீங்குயிர்' பட்டியலில் இருந்தன. சலீம் அலி வௌவாலுக்கு மட்டும் விதிவிலக்காக உயர்ந்த பாதுகாப்பு. 2022 திருத்தம் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலையே நீக்கிவிட்டது. எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. பிடிப்பதற்கும் சதைத்துண்டு எடுப்பதற்கும் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவி கட்டவும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. அனுமதிக்கு மாதங்கள் ஆகலாம். ஓராண்டுத் திட்டத்தில் இதுவே பெரும் பங்கைத் தின்றுவிடும். நான்கு முறைகளையும் ஒப்பிடும்போது விலையைவிட இந்தக் காலத்தைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

நான் அவருக்குச் சொன்னது

நீளமான இனப்பட்டியல் தயாரிக்கும் ஆசையை விட்டுவிடச் சொன்னேன். பெயர் உறுதியில்லாத இருபது இனங்களைவிட, உடலும் குரலும் மரபணுவும் ஒன்றோடொன்று கட்டப்பட்ட ஐந்து இனங்கள் எவ்வளவோ மேல். அப்படிக் கட்டப்பட்ட பதிவு அடுத்து வரும் எல்லாருக்கும் ஆதாரமாகும். தனித்தனியாகச் சேர்த்தவை அவரோடு முடிந்துவிடும்.

செய்முறையாக, அனுமதிக்கு இன்றே விண்ணப்பம். அது வரும்வரை முதல் நான்கு மாதம் தங்குமிடங்களைத் தேடி அந்தியில் எண்ணுவது. இதற்குக் காசு வேண்டாம், ஆனால் கோயில் நிர்வாகத்திடமும் ஊரிலும் பேசிப் பழக வேண்டும். கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கப் போகும் கோயில்களை முதலில் பார்க்கச் சொன்னேன். வெள்ளையடித்து விளக்குப் போட்ட பிறகு அங்கே எண்ணுவதற்கு எதுவும் இருக்காது. பணத்தில் பெரும்பகுதிக்கு 3,84,000 வீதம் உள்ள ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டு. வலையை வாங்க வேண்டாம், கல்லூரித் துறைகளில் கட்டப்படாமல் கிடக்கும், இரவல் வாங்கிப் பழக்கப்பட்டவர் ஒருவரோடு கட்டுங்கள். குட்டி போடும் காலத்தில் கூட்டம் தங்கும் குகை வாயிலில் மட்டும் கட்டவே கூடாது. பிடித்த ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, இறக்கையில் ஒரு துண்டு எடுத்து, கையிலிருந்து விடும்போது குரலைப் பதிவு செய்து, நான்குக்கும் ஒரே எண் போட வேண்டும். மரபணுவுக்கு எல்லாவற்றையும் உடனே அனுப்ப வேண்டியதில்லை. குரலும் உடலும் முரண்படுபவற்றை மட்டும் முதலில் அனுப்பினால் போதும். மற்றவை எத்தனாலில் காத்திருக்கும்.

இந்த வழியில் ஓர் இழப்பு இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொன்னேன். மர உச்சிக்கு மேலே பறக்கும் இனங்களின் குரல் பதிவாகும், ஆனால் வலையில் விழாததால் பெயர் உறுதியாகாது. அவற்றைப் 'பெயரறியாக் குரல் 1, 2' என்றுதான் எழுத வேண்டும். பலருக்கு அப்படி எழுதக் கூச்சம். எனக்கு அதில்தான் மரியாதை.

"அப்ப டிஎன்ஏவுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும்," என்றார். ஆமாம், பதினைந்து இருபது மாதிரிக்குத்தான் வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எங்க ஊர்க் கோயில் மண்டபத்துல ரெண்டு மாதிரி லாட மூக்கு இருக்குண்ணே, ஒண்ணு கொஞ்சம் செவப்பா இருக்கும். அதை முதல்ல கேட்டுப் பார்க்கிறேன்," என்றார்.

நேற்று ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறார். மண்டபத்துக்கு வெளியே நின்று பதிவு செய்தது, ஏழு நிமிடம். அலைவரைவில் 80ஐ ஒட்டி ஒரு கோடு, 90ஐ ஒட்டி இன்னொன்று. எது எந்த வௌவாலுடையது என்பது அனுமதி வந்த பிறகுதான் தெரியும்.